‘போறன்’ என்று சொல்லாத நடிகர்

“…அது மட்டும் ஏலாது தம்பி. அழச் சொல்லுங்க, அழுறன். குத்துக்கரணம் அடிக்கச் சொல்லுங்க, இந்த வயித்தோட அடிக்கிறன். ஆனா அந்தச் சொல்லை மட்டும் என்ட வாயால எடுக்க வைக்காதீங்க” என்றார் மஜீத் நானா. முகம் நிறையப் பவுடர், உடம்பில் இரவல் கோட்டு, தலைக்கு மேலே நாலு பெரிய விளக்குகள். ஒளிப்பதிவு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் இயக்கிய முதலாவது தொலைக்காட்சி நகைச்சுவை நாடகம் அது. அவர் சொல்லமாட்டேன் என்று நின்ற சொல்லோ மூன்றே எழுத்து: ‘போறன்’.

இது ஏன் இப்போது நினைவுக்கு வந்தது என்று கேட்பீர்கள். போன கிழமை கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டுக்கு ஓட்டோவில் போனேன். “பாதையடி வந்தாச் சொல்லும்” என்று ஓட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். “எந்தப் பாதை ஐயா? பாலம் தாண்டி அஞ்சு நிமிசமாச்சு.” அந்த நேரம் பார்த்து ஒரு பழைய லொறி கரும்புகையைக் கக்கிக்கொண்டு எங்களை முந்தியது. டீசல் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு மஜீத் நானாவின் குரல் கேட்டது.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெரு அல்ல. பஸ், லொறி, ஆடு, மாப்பிள்ளை வீட்டார் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பாலம் வருமுன் அக்கரைக்குப் போன தட்டையான மிதவைக்குத்தான் அந்தப் பெயர். அதில் கயிறு கட்டுகிற வேலை மஜீத் நானாவுக்கு. கட்டுவது கயிறென்றாலும் ஆட்களை அடக்கி வைத்திருந்தது அவருடைய வாய்தான். பருத்த முதலாளி ஒருவர் மிதவையின் ஓரத்தில் நின்றால், “முதலாளி, கொஞ்சம் நடுவுக்கு வாங்க, கடல் உங்களைப் பார்க்க ஏறி வருது” என்பார். பாதை கரையில் முட்டுமுன் குதிக்கப் பார்க்கிறவரைத் தோளில் பிடித்து, “கரை எங்கயும் ஓடாது வாப்பா, நேத்தும் இங்கதான் கிடந்தது” என்பார். அவர் கதை கேட்பதற்காகவே, அலுவல் எதுவுமில்லாமல் இரண்டு முறை அக்கரைக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன்.

நான் அப்போது துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வருசத்துக்கு ஒருமுறை தொழிலாளர் மண்டபத்தில் சிரிப்பு நாடகம் போடுவேன். இயக்கம் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. மேடையில் ஒருவரையொருவர் முட்டாமல் நடந்தால் அது நல்ல இயக்கம் என்று நினைத்திருந்தேன். கப்பலுக்கு வந்து உடைந்துபோன தேயிலைப் பெட்டிகளின் பலகையில்தான் எங்கள் மேடை வீடு, கதவு, யன்னல் எல்லாம். விளக்குச் சூட்டில் அந்தப் பலகை தேயிலையாய் மணக்கத் தொடங்கும். கதாநாயகி அழுகிற கட்டத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் “பிள்ளை, ஒரு பிளேன்ரீ கிடைக்குமோ?” என்று கேட்டதை ஊர் கனகாலம் சொல்லிச் சிரித்தது.

அந்த மேடைக்கு மஜீத் நானாவைக் கூட்டி வந்தவன் நான். வீட்டுக்காரியாக நடித்தவர் பூரணம் ரீச்சர். வகுப்பில் பிள்ளைகளை நடுங்க வைக்கிற அந்தப் பெண், மஜீத் நானா வாய் திறந்தால் முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார்.

நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில் கொழும்பிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. அங்கே தயாரிப்பாளர் சுருக்கமாகச் சொன்னார்: “ஒருக்கா எடுத்துப் பாப்பம். முடிவில சிரிப்பு வந்தாத் தொடர் தாறம். வராட்டி, உங்கட ரயில் எத்தினை மணிக்கு?” இங்கே கந்தோரில் பெரியவர், “நாடகமோ கந்தோரோ, ஒண்டைச் சொல்லும்” என்று ஏற்கெனவே கேட்டுவிட்டார். வாழ்க்கை அந்த ஒரு முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதை இதுதான். ஒரு வீட்டுக்கு விருந்தாளி ஒருவர் வருகிறார். விடைபெறும்போதெல்லாம் “போயிட்டு வாறன்” என்கிறார். சொன்னபடியே அரைமணியில் திரும்பி வருகிறார். ஏனென்று கேட்டால், “வாறன் எண்டு சொன்னனான்தானே?” சாப்பிடுகிறார், தூங்குகிறார், போகிறார், வருகிறார். கடைசியில் ஒருநாள் வாசலில் நின்று “போறன்” என்கிறார். வீட்டுக்காரர் வெடி கொளுத்திக் கொண்டாடுகிறார்கள். இதை எழுதி முடித்த அன்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

ஒத்திகையில் அந்த இடம் வந்தால் மஜீத் நானாவுக்கு இருமல் வரும். வசனம் மறந்துவிட்டதாக்கும் என்று எண்ணி உள்ளங்கையில் மையால் எழுதிவிட்டேன். “வேர்வையில அழிஞ்சிட்டு” என்று வெறுங்கையைக் காட்டினார். “மூண்டெழுத்து நிக்காத மண்டை என்ன மண்டை நானா?” என்று எல்லாருக்கும் முன்னால் பகிடி வேறு பண்ணினேன். அவர் சிரித்தார். நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கலையகத்தில்தான் மனுசர் உடைத்துச் சொன்னார். “இருவது வருசமாத் தண்ணியில நிக்கிறவன் நான். கடைக்குப் போறதெண்டாலும் பொஞ்சாதிக்கிட்ட வாறன் எண்டு சொல்லித்தான் இறங்குறது. உங்கட வீட்டில எப்படி?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அன்று புறப்படும்போதும் அப்படித்தான் சொல்லி வந்தேன். எழுதத் துணிந்த நான் அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. இருந்தும் விடவில்லை.

“நடிப்புத்தானே நானா.”

“நடிப்பு உங்கட தம்பி. வாய் என்டதெல்லோ.”

பூரணம் ரீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. “சொல்லாட்டி நாங்கள் எப்பிடி வெடி கொளுத்துறது? விடுங்கோ, உங்களுக்குப் பதிலா வாசல்ல நிண்டு நான் சொல்லுறன். இதிலென்ன இருக்கு? ‘போ…’” என்று தொடங்கியவர் வாயை மூடினார். மறுபடி திறந்தார். “எனக்கும் வரேல்லை” என்று கதிரையில் இருந்துவிட்டார்.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. “ரெடியோ?”

நான் மஜீத் நானாவின் கையைப் பிடித்தேன். “அந்தச் சொல்லை விடுங்க. எப்பிடியாவது முடிச்சு விடுங்க” என்றேன். பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள். பயத்தில் எனக்கு வேறொன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு கந்தோருக்குத் திரும்பாமலே கொழும்பில் கனகாலம் சிரிப்பு நாடகம் இயக்கினேன். அந்த முதல் நாடகம் இன்று எங்குமில்லை. நாடாவுக்குத் தட்டுப்பாடான காலம். அதன்மேல் வேறு எதையோ பதிந்துவிட்டார்கள். மண்டபம் இல்லை. தேயிலைப் பலகை மணம் இல்லை. பாதை கட்டின இடத்தைத் தாண்டினதே தெரியாமல் தாண்டிப் போகிறேன். பூரணம் ரீச்சர் கனடாவில். எப்போதாவது ஃபோனில் பேசுவார், பாதியில் லைன் அறுந்துபோகும். எங்களில் ஊரைவிட்டு அசையாத ஒரே ஆள் மஜீத் நானா. அவரையும் கிண்ணியாவிலேயே அடக்கினார்கள். எனக்கு வந்து சேர ஏலாமற்போயிற்று.

ஆனால் அன்று கமராவின் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தது. கடைசிக் கட்டம். விருந்தாளி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். இருமினார். திரும்பி, வெடியும் கையுமாக நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பையை மெல்லக் கீழே வைத்தார்.

“சரி, அப்ப நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. வீட்டை நான் பார்த்துக்கொள்றன்” என்றார்.

பூரணம் ரீச்சர் ஒரு கணம் திகைத்தார். பிறகு உண்மையாகவே கைப்பையை எடுத்துக்கொண்டு, புருசனாக நடித்தவரையும் இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மஜீத் நானா வாசலில் நின்று, அவர்கள் தலை மறையும்வரை கையசைத்தார். பிறகு உள்ளே வந்து, சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிப் படுத்தார்.