போனில் தெரிந்த மின்விசிறி

போன வருஷம் ரம்ஜான் முடிந்த அடுத்த மாதம் இது நடந்தது. நான் இருந்தது விருத்தாசலத்தில், எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில். விழுந்தவர் இருந்தது துபாயில்.

என் வீட்டுக்காரர் அங்கே ஒரு கடையின் குடோனில் வேலை பார்க்கிறார். சுகரும் வந்து, தொப்பையும் வந்த பிறகு, உடம்பைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் சும்மா இருப்பாரா? "ஒரு மாசம், ஒரு நாளும் விடாம எக்சர்சைஸ். நீயும் பண்ணணும். யாரு மொதல்ல நிறுத்தறாங்கன்னு பாத்துடலாம்" என்று என்னையும் இழுத்துவிட்டார். நான் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு ஓரம் தேய்க்கிறவள். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, எப்போதும் இடுப்பு வலி. சரி என்றேன்.

தினமும் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் அவர் வீடியோ காலில் வருவார். போனைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்து, நான் எண்ணுவது நன்றாகக் கேட்க வேண்டும் என்று சின்ன ஸ்பீக்கரில் இணைத்திருப்பார். நான் எண்ண எண்ண, இரண்டு பேரும் உட்கார்ந்து எழுந்து மூச்சு வாங்குவோம். "சாப்டியா, பசங்க தூங்கிட்டாங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லாத எங்களுக்கு, அந்த நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாதம் பாதி தாண்டியிருக்கும். அன்றைக்கு நடுவிலேயே அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "என்னமோ மாதிரி இருக்குது புள்ள" என்றார். ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து, "அதெல்லாம் செல்லாதுங்க, எழுந்திருங்க" என்று சிரித்தேன். எழுந்தார். அப்படியே கேனோடு சரிந்தார். போனில் அவரைக் காணோம். மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கேயோ ஒரு முனகல்.

அவரோடு தங்கியிருப்பவர்கள் பேக்கரியில் வேலை செய்கிறவர்கள், விடியும் முன்னே போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் நம்பர்கூட என்னிடம் இல்லை. இத்தனை வருஷத்தில் வாங்கி வைக்கத் தோன்றவில்லை, பாருங்கள்! போனை வைத்துவிட்டு வேறு யாரையாவது கூப்பிடலாம் என்றால், அந்த முனகலும் போய்விடும். அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

என் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். போனைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "மாதாவே! போன வெச்சுடாத. ஸ்பீக்கருல போவுது இல்ல? கத்து. அந்தப் பக்கத்து ரூமுக்குக் கேக்கட்டும். இன்னும் கத்துடீ!"

கத்தினேன். அல்லாஹ்வைக் கூப்பிட்டேன், அவரைக் கூப்பிட்டேன், "பாய், பாய்" என்று யாரையெல்லாமோ கூப்பிட்டேன். முனகல் விட்டு விட்டு வந்தது. ஒரு தடவை நின்றே போனது. பிள்ளைகளிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்போது கதவு திறக்கிற சத்தம். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு பக்கத்து அறைக்காரர் ஒருவர் போனுக்குள் எட்டிப் பார்த்தார். எந்த ஊர்க்காரரோ! அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் அழுதது மட்டும் அவருக்குப் புரிந்தது. அக்கா என் தோளை உலுக்கி, "மாத்திர போட்டாரா? சாப்டாரா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வயிறு கனக்கும் என்று ஒன்றும் சாப்பிடாமல் ஆரம்பித்திருக்கிறார். என்னைப் பெற்ற அத்தாவுக்கும் ஒருமுறை இப்படித்தான் சுகர் இறங்கி மயக்கம் வந்தது. சர்க்கரை டப்பாவை எடுத்து போனுக்கு முன்னால் நீட்டினேன். ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டுக் காட்டி, தண்ணீரும் குடித்துக் காட்டினேன்.

அந்த அறைக்காரர் புரிந்ததாகத் தலையை ஆட்டிவிட்டு ஓடினார். சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்து, இவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, கண் திறந்து விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அதற்கு முன்னால், கீழே கிடந்த போனை எடுத்து, நான் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வந்துவிடும்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் குழறினார். "எத்தினி ஆச்சு?"

"பாவி மனுஷன்! உயிர எடுத்துட்டு கணக்கு கேக்கறாரு பாரு!" என்று அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

அந்த மனிதர்தான் இவரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். சவால் அன்றோடு முடிந்தது. "நிறுத்தச் சொன்னது நீ, அப்ப நான்தான் ஜெயிச்சேன்" என்கிறார் இவர். ஜெயித்துவிட்டுப் போகட்டும். இப்போது சாப்பிட்டுவிட்டு நடக்கப் போகிறார், அவ்வளவுதான். ஆனால் பேசும்போது லைன் ஒரு நொடி நின்றாலும் "என்னங்க, என்னங்க" என்று கத்த ஆரம்பித்துவிடுகிறேன். முன்பெல்லாம் தொழுதுவிட்டு அவருக்காக மட்டும் கையேந்துவேன். இப்போது, அவருக்குப் பக்கத்து அறையில் யார் இருந்தாலும் அவர்களையும் நல்லபடியாக வைக்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்கிறேன்.