மைக்கருகே தள்ளியவர்

பாறசாலையில் திருவிழா அறிவிப்புகளை என் குரலில் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து கொடுத்து வந்தேன். பதிவில் இரைச்சல் கூடியது. பிழைப்பே போய்விடும் என்று பயந்து, நெய்யாற்றின்கரை மெக்கானிக்கிடம் புதிய சவுண்ட் கார்டு கொண்டுவரச் சொன்னேன். ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் கேட்பார். என்னைப் பேசச் சொல்லிப் பதிவுசெய்து கேட்டார்.

"ஓய், உள்ள கெடக்க பழைய கார்டு கொள்ளாம், ஒரு கேடும் இல்ல. மைக்கு அங்க, நீரு இங்க. அது என்ன, கடிக்குமா?"

"கொஞ்சம் கூச்சமாக்கும்."

"அதுக்குப் பதிவுச் சத்தத்தக் கூட்டி வச்சா இரைச்சலும் சேந்து கூடாதா?"

நாற்காலியோடு என்னை மைக்கருகே தள்ளினார். சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி பேசச் சொன்னார். குரல் தெளிவாக வந்தது. புதிய கார்டைப் பையிலிருந்து எடுக்காமலே கிளம்பினார்.

அன்று அதை அவர் விற்றிருந்தால், என் கூச்சத்துக்காக வருடம் ஒரு கார்டு வாங்கியிருப்பேன்.