ஜன்னலுக்கு ஒரு ஒத்திகை

சித்தி ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். எல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். இஸ்திரி அறையின் ஒரே ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ரோட்டுப் புழுதி வெள்ளைத் துணியில் படிகிறதாம். வெயில் காலத்தில் அங்கே இரண்டு பேர் மயங்கி விழுந்தபிறகு, அந்த ஜன்னலைத் திறக்க வைத்தே தீருவது என்று சித்தி முடிவு செய்தாள்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நான் அவள் வீட்டில் தங்கியிருந்த சமயம் அது. நேராகப் போய் முதலாளியிடம் கேட்க வேண்டியதுதானே என்றேன். ஒருமுறை அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதே அவருக்கு வேலையாகிவிடும் என்றாள். அதனால் முதலில் கூட வேலை செய்கிறவர்களிடம் போனாள். ஆதரவு தருவாயா என்று யாரையும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் உனக்கு என்ன தொந்தரவு என்று மட்டும் கேட்டாள். ஓரத்தில் நிற்கிறவள் மழைச் சாரல் என்றாள். மடிக்கிறவர், காற்றில் துணி பறக்கும் என்றார். “உங்க ஜன்னல் கட்சிக்கு என்ன சின்னம்?” என்று கிண்டலடித்துக்கொண்டே சித்தப்பா புழுதியைத் தடுக்கக் கம்பி வலை வாங்கி வந்தார்.

முதலாளியிடம் பேசுவதற்கு ஒத்திகை பார்க்க ஆள், வாயாடி. இஸ்திரி அறையில் பக்கத்து மேஜைக்காரி, அந்தப் பெயரே சித்தி வைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, சித்தப்பாவின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு முதலாளியாக உட்காருவாள். “ஏம்மா, காத்து வேணும்னா பார்க்குக்குப் போ. இங்க எதுக்கு வர்றே?” என்பாள். சித்தி சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொல்வாள். பதில் சறுக்கினால் வாயாடி விடமாட்டாள்.

புழுதிக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. சித்தி வீட்டு ஜன்னலில் வலையைக் கட்டி, உள்ளே ஈரமான வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். தெருவில் லாரி போனபோது துணியில் சாம்பலாகப் படிந்துவிட்டது.

“இதை அவர் கேட்டா மாட்டிக்குவேன்டி. ஏதாவது வழி யோசிக்கணும்.”

“குடுங்கக்கா, நானும் யோசிக்கிறேன்,” என்று வாயாடி துணியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சலவை நிலையத்தில் முதலாளி கூட்டிய கூட்டத்தில் சித்தி பேசப் பேச முதலாளி தலையாட்டிக்கொண்டிருந்தாராம். சாரலுக்குத் தகரம், பறக்காமலிருக்க மேஜையை நகர்த்துவது, எல்லாம் சொல்லிவிட்டாள். அவர் பக்கத்து நாற்காலியில் வாயாடி இருந்தாள். அவள் மேற்பார்வையாளர் ஆகியிருப்பதே சித்திக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயாடி பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இஸ்திரி போட்டு, அழுக்கு மேலே தெரிகிற மாதிரி மடித்திருந்தாள்.

“இது உங்க வீட்டுத் துணிதானேக்கா?”

சித்தி ஆமாம் என்றாள். பலகை அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வலையைக் கழற்றும்போது சொன்னாள். “எதிர்த்துப் பேசினது கூடப் பரவாயில்ல. உக்காந்து, பொறுமையா, இஸ்திரி போட்டிருக்கா பாரு.”

அடுத்த வெயில் வருவதற்குள் சித்தி மறுபடி ஆரம்பித்துவிட்டாள். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலாளியாக உட்காருவது நான். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது.

“இந்தத் தடவை எங்க இடிக்குது சித்தி?” என்றேன்.

என் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து, கூட்டுக்குள் வைத்து மூடினாள்.

“அது எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”