வரப்பில் வந்த ஆறு பேர்

இது நான் என் கண்ணால் பார்த்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. அன்று என்னோடு இருந்த மூன்று பேரும் நலமாக இருக்கிறார்கள். ஆனால் இதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. நான் எழுதி வைக்கிறேன். இதில் உள்ள நேரங்கள் எல்லாம் சரியானவை. எந்தப் பாட்டு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று குறித்து வைப்பதுதான் என் வேலை.

நாங்கள் நாலு பேர் கொண்ட பாட்டுக் குழு. அண்ணன் சகாயராஜ் கீபோர்டு வாசிப்பான், வேனும் ஓட்டுவான். அண்ணி மேரிசெல்வி பாடுவாள். ரிதம் பேடும் மைக் செட்டும் கொளஞ்சி அண்ணன். நான் கோரஸ். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. "நீ பேச வேணாம் ரேகா. என் பின்னாடி நின்னு பாடு, போதும்" என்று வேனில் ஏற்றிக்கொண்டவள் அண்ணிதான்.

அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. மூச்சு வாங்க நிற்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மாதத்துக் கூட்டங்களை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்றாள்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தின் கடைசியில் அழைப்புப் பாட்டு பாடுவோம். ஜெபம் வேண்டும் என்பவர்கள் எழுந்து முன்னால் வருவார்கள். பாஸ்டர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்து வீட்டுக்கு அனுப்புவார். கடைசி ஆள் முன்னால் வந்து சேரும் வரை பாட்டை நிறுத்தக் கூடாது. பாதி வழியில் ஒருவரை விட்டுவிடக் கூடாது என்பான் அண்ணன். வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது நான். எல்லாரும் வந்ததும் கையைத் தூக்குவேன். அண்ணன் முடிப்பான்.

போன அக்டோபரில் பிரம்மதேசத்தில் பாடிவிட்டு மறுநாள் மரக்காணம் வந்தோம். உப்பளத்தை ஒட்டிய தெரு. தெருக்கோடியில் தகரக் கொட்டகை போட்ட சபை. பாஸ்டர் சாலமன் வாசலில் ஃபோகஸ் லைட் கட்டியிருந்தார். ஒரு வார மழையில் உப்பு வேலை நின்றுபோயிருந்தது. பாத்தியெல்லாம் தண்ணீர்.

ஆறு மணிக்கு மைக் டெஸ்ட். ஹாரன் ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்து வைத்தால் கீச்சென்று கத்தியது. கொளஞ்சி அண்ணன் மூன்று முறை மாற்றிப் பார்த்தார். கடைசியில் அதை உப்பளத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டார். சத்தம் சுத்தமாக வந்தது.

"அந்தப் பக்கம் யாருப்பா இருக்கா? உப்புதான் இருக்குது" என்றார் பாஸ்டர்.

"உப்புக்கும் கொஞ்சம் சுவிசேஷம் போவட்டும் பாஸ்டர்" என்றார் கொளஞ்சி அண்ணன்.

"ஏம்பா, உன் தங்கச்சி சிரிச்சிட்டா பாரு" என்று அண்ணனிடம் என்னைக் காட்டினார். "வாயத் தொறந்துட்டாடா!"

அந்த ஹாரனைத் திருப்பியதுதான் தவறு.

அன்று கூட்டம் குறைவு. இருபது, இருபத்தைந்து பேர் இருக்கலாம். 8.31க்கு அழைப்புப் பாட்டைத் தொடங்கினோம்.

'இருட்டில் நிற்கிறவரே, எழுந்து வா... வாசல் மூடவில்லை, வா...'

யாரும் எழுந்திருக்கவில்லை. சில ஊர்களில் அப்படித்தான். கூச்சப்படுவார்கள்.

8.38. உப்பளத்திலிருந்து எதிரொலி வந்தது. வெட்ட வெளி. மோதித் திரும்ப ஒரு சுவர் கூடக் கிடையாது. ஆனாலும் வந்தது. 'வா...' என்று மெதுவாக. பெண்கள் குரல். ஒன்றுக்கு மேல்.

இரண்டாம் சரணம். அண்ணி அடுத்த வரியை இன்னும் தொடங்கவில்லை... அது அங்கிருந்து முதலில் வந்தது.

அண்ணனைப் பார்த்தேன். குனிந்து வாசித்துக்கொண்டிருந்தான். கொளஞ்சி அண்ணன் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

8.46. உப்பளத்துக்குள் யாரோ வந்தார்கள்.

ஃபோகஸ் லைட் வெளிச்சம் எட்டுகிற இடத்தில், வரப்பு மேல், வரிசையாக நடந்து வந்தார்கள். பெண்கள். தலையில் துணி சுற்றியிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. வேலைக்குப் போகிறவர்கள் போல.

எண்ணினேன். ஆறு பேர்.

ஐந்து பேர் ஒரே உயரம். ஆறாவது ஆள் மட்டும் பின்னால் வந்தாள். அவள் மட்டும் குள்ளமாக இருந்தாள். பாதி ஆள் அளவுக்குத்தான் தெரிந்தாள்.

தண்ணீரில் சளக் புளக் என்று சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஆள் நடக்கிற சத்தம்.

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி என்னிடம், "போதுமாடி? யாராச்சும் வர்றாங்களா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். வருகிறார்கள்.

அவள் மறுபடி பாடினாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து பேரும் கரை ஏறினார்கள். வெளிச்சத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பவில்லை. பாஸ்டர் கண்ணை மூடியிருந்தார்.

ஐந்து பேரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

ஆறாவது ஆள் இன்னும் தண்ணீர்ப் பக்கம்தான் இருந்தாள். நின்று நின்று வந்தாள்...

அண்ணியின் குரல் கிழிந்தது. மைக் ஸ்டாண்டைப் பிடித்தாள்.

இன்னும் ஒரு ஆள் வர வேண்டும்.

நிறுத்தக் கூடாது.

அண்ணியின் வயிற்றைப் பார்த்தேன்.

கையைத் தூக்கிவிட்டேன்.

8.52.

பாட்டு நின்றது.

உப்பளத்தில் ஒரு அலறல் கேட்டது. ஒரே ஒரு அலறல். பிறகு யாரோ தண்ணீரை அடித்துக்கொண்டு திரும்பி ஓடும் சத்தம்...

"நரியா இருக்கும்" என்றார் கொளஞ்சி அண்ணன்.

யாரும் முன்னால் வரவில்லை என்று பாஸ்டர் உடனே ஆசீர்வாத ஜெபம் சொல்லி முடித்தார். நான் வெளிச்சத்தின் விளிம்பைப் பார்த்தேன். அங்கே இப்போது யாரும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் நோட்டில் நேரத்தைக் குறித்தேன். அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்தேன். அன்று சபையிலேயே படுத்தோம்.

காலை 6.10க்கு ஒரு அம்மாவை அவர் புருஷன் வண்டியில் கூட்டிவந்தார். சுலோசனா என்று பேர் சொன்னார். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உப்புக் கொட்டகையில் இருவரும் காவல் இருக்கிறார்கள். அந்த அம்மாவின் கால் முழுக்கச் சிராய்ப்பு. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"நேத்து வா வான்னு பாடுனது யாரும்மா?"

"நாந்தாங்க" என்றாள் அண்ணி.

"எத்தினி மணிக்கு நிறுத்துன?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைத் திறந்து காட்டினேன். 8.52.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாப்ட்டுட்டுப் படுத்தேன். பாட்டு கேட்டது. அப்புறம் எதுவுமே தெரியல. முழிச்சுப் பார்த்தா இடுப்பளவு தண்ணில நிக்கிறேன், நடு உப்பளத்துல. பாட்டு நின்னதும்தான் முழிச்சேன். இன்னும் பத்தடி வந்திருந்தா பெரிய வாய்க்கா. ஆள் மூழ்கிடும்."

"வரப்பு மேலதானே வந்தீங்க?" இதைக் கேட்டது நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஏது வரப்பு? மழையில உடைஞ்சு அடிச்சிக்கினு போயி நாலு நாளாச்சு."

வெளியே போய்ப் பார்த்தேன். கரையிலிருந்து உப்புக் கொட்டகை வரைக்கும் வெறும் தண்ணீர்.

மீதியை அவர் புருஷன் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் விடியற்காலையில் உப்பு வேலைக்குப் போன மினி லாரி அந்த வாய்க்காலில் கவிழ்ந்திருக்கிறது. பின்னால் ஆறு பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஐந்து பேர் மேலே வரவில்லை. ஆறாவது ஆள் சுலோசனா. அதிலிருந்து, இருட்டிய பிறகு உப்பளத்தைப் பார்த்து வா என்று ஊரில் யாரும் கூப்பிடுவதில்லையாம். பாஸ்டர் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவருக்குத் தெரியாது.

நான் பார்த்ததை நோட்டில் எழுதிக் காட்டினேன். அண்ணன் சத்தமாக வாசித்தான். பாதியில் அவன் குரல் இறங்கிவிட்டது. சுலோசனா எழுந்து உப்பளத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"முன்னால வர்றவங்கள என்ன பண்ணுவீங்க?"

"ஜெபம் பண்ணி வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்றான் அண்ணன்.

"அந்த அஞ்சு பேர அனுப்புனீங்களா?"

அண்ணி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

அந்தக் காலையிலேயே பாஸ்டர் கரையில் நின்று ஜெபித்தார். 9.20க்கு வேனை எடுத்தோம். கீழ்புத்துப்பட்டு போகும் வரை அண்ணன் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஓட்டினான்.

"டேய் கொளஞ்சி, டயர் பாரு. லோடு ஏத்தின மாதிரி இழுக்குது."

கொளஞ்சி அண்ணன் இறங்கிப் பார்த்தார். காற்று சரியாக இருந்தது. பின்சீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். என் காலடியில் மேட் ஈரமாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு அண்ணி பாடவில்லை. இப்போது ஒன்பதாம் மாதம். டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் ராத்திரி 8.31 ஆனதும் தூக்கத்திலும் அவள் உதடு அசைகிறது. 8.52 வரைக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்க்கிறேன்... நிற்பதில்லை.

விடிந்ததும் அண்ணி எழுவதற்கு முன் அவள் கட்டிலைச் சுற்றித் துடைத்துவிடுகிறேன். தினமும் ஐந்து இடத்தில் ஈரம் இருக்கிறது.

துடைக்காமல் விட்டால் வெள்ளையாகக் காய்கிறது.