தோணா வெட்டிய அன்று பார்த்த கோடு

எங்கள் கரையை அடித்த சூறாவளிக்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் நான் மருதமுனையை விட்டுப் போகவில்லை. உம்மாவின் வீட்டு வளவுக்குள்ளேயே ஓடு போட்ட சின்ன வீடு ஒன்றை எங்களுக்குக் கட்டித் தந்தார்கள். என் கணவர் சாய்ந்தமருதுக்காரர். கல்முனையில் ஓர் அலுவலகத்தில் கிளாக்காக இருந்தார்.

அந்த மாரியில் அவருடைய மூத்த சகோதரியைப் பார்க்கப் போயிருந்தோம். நான் அவவை மதினி என்று கூப்பிடுவேன். மதினியின் வீடு கடலோரம். மழை விடாமல் பெய்து, ஊருக்குள் வளைந்து கிடக்கும் தோணா என்னும் நீரோடை நிரம்பி, வளவுகளுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. தோணாவுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டு ஒன்று அடைத்துக் கிடக்கும். வெள்ளம் மிஞ்சினால் ஆண்கள் மண்வெட்டியோடு போய் அதை வெட்டிவிடுவார்கள். நாங்கள் போன அன்றும் வெட்டினார்கள். பெண்கள் எல்லாம் வேலியோரம் நின்று பார்த்தோம்.

தேத்தண்ணி நிறத்தில் வெள்ளம் பாய்ந்து கடலுக்குள் போனது. போன தண்ணீர் கடலோடு கலக்கவில்லை. ஒரு பக்கம் மண் நிறம், மறு பக்கம் நீலம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. அது நிற்கவில்லை. வளைந்தது, கிழிந்தது, ஓரிடத்தில் மண் நிறம் நாக்கு நீட்டியது போல உள்ளே போனது, இன்னோரிடத்தில் நீலம் அதை நெருக்கியது. எல்லோரும் வளவில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன கா அப்பிடிப் பாக்காய்? தண்ணியக் காணாத புள்ள மாதிரி" என்றா மதினி.

"இதச் செய்யலாமா எண்டு பாக்கன் மதினி."

"எத?"

நான் அந்தக் கோட்டைக் கையால் காட்டினேன்.

சின்ன வயதிலிருந்தே என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எங்கள் ஊரில் எந்த ஒழுங்கையால் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். புடவையை அறுத்தெடுத்த பிறகு தறியில் மிஞ்சும் நூல் துண்டுகள் முழ நீளம், சாண் நீளமாகக் குவிந்து கிடக்கும். அதில் மிசினுக்குக் கிறீஸ் துடைப்பார்கள், ஆடு கட்டுவார்கள், மிச்சத்தை எரிப்பார்கள். பக்கத்து ஒழுங்கைத் தறிக்கார மாமா தன் கொட்டிலிலிருந்து நான் கேட்காமலே ஒரு பை கட்டித் தருவார். தலையணை உறைக்குக் குஞ்சம், கதவுத் தொங்கல் என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். ஆனால் அன்று வரைக்கும் நான் செய்ததெல்லாம் வேறு யாரோ எங்கோ செய்ததைப் பார்த்துச் செய்ததுதான். அந்தக் கோடு எனக்கே எனக்கென்று கிடைத்தது.

மதினியின் கணவர் கரைவலைக்காரர். அவரிடம் கிழிந்த வலைத் துண்டு ஒன்று வாங்கிவந்தேன். அந்த வலையின் ஒவ்வொரு கண்ணிலும் நூலை முடிந்து, நுனியைக் கத்தரித்து, கம்பளம் மாதிரி ஒன்று செய்ய வேண்டும். அதில் அந்தக் கடல் வர வேண்டும். இதுதான் என் எண்ணம். வலையில் மீன் நாற்றம் போகவில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, முருங்கை மரத்தில் நாட்கணக்காகக் காயப்போட்டேன். உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வீட்டுக்குள்ள கொண்டுவந்தா நான் வெளிய போயிடுவன்" என்றா. நீல நூல் நிறையக் கிடைத்தது. சாரன் நெய்கிற ஊர் அல்லவா. மண் நிறம்தான் இல்லை. வெள்ளை நூலைத் தேயிலைச் சாயத்தில் அவித்து அவித்து எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நிறம் வந்தது.

மாதக்கணக்கில் நூல் முடிந்தேன். மூத்தவன் வயிற்றில் இருந்த காலம் முழுவதும் மடியில் வலைதான். முடித்து விரித்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. மண் நிறம் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேரான கோடு. வளைத்து முடிந்த இடங்களெல்லாம் படிக்கட்டு மாதிரித் தெரிந்தன. வலைக்கண் சதுரம். அது என்னை விடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கல்முனையில் மாதர் சங்கமொன்று கைவேலைக் கண்காட்சி வைத்தது. என் கணவர் நான் சொல்லச் சொல்லக் கேளாமல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "கழிவுப் பொருட்களிலான ஆக்கங்கள்" என்று எழுதிய மேசையில் அதை விரித்தார்கள். ஒரு பக்கத்தில் பால்மாப் பேணியில் செய்த பூச்சாடி, மறு பக்கத்தில் ஐஸ்கிறீம் குச்சியில் செய்த வீடு. பார்க்க வந்த பெரிய அதிகாரி அதன் முன்னால் நின்றார்.

"இதெல்லாம் வீசுற நூலா?"

"ஓம் சேர்" என்றேன்.

"வீசுற நூலில இப்பிடியா? ஆச்சரியம்தான்."

அவ்வளவுதான் கேட்டார். இது என்ன படம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், இது சரியாக வராமல் பிழைத்துப்போன கடல் என்று சொல்லியிருப்பேன். எனக்கு முதற் பரிசு தந்தார்கள், ஒரு தேநீர்க் கோப்பை செற்.

பிறகுதான் தொல்லை தொடங்கியது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் எங்கள் வீட்டுக்குக் குப்பை கொண்டுவரத் தொடங்கினார்கள். எரிந்த பல்பு, ஜாம் போத்தல், கம்பி ஒடிந்த குடை, பாடாத கசற், ஒரு கால் செருப்பு. "உங்கட கைக்கு இது ஏதாவது ஒண்டா வரும் புள்ள" என்று சிரித்துக்கொண்டே தருவார்கள். வேண்டாம் என்றால் முகம் சுண்டிவிடும். வாங்கினால் அடுத்த கிழமை வந்து, "அந்தக் குடையில என்ன செஞ்சீங்க?" என்று கேட்பார்கள். ஒருவர் சைக்கிள் மட்கார்ட் ஒன்றை வேலியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். குசினிப் பின்புறம் நிறைந்து, பிறகு விறாந்தையும் நிறைந்தது.

"இது வீடா, பழைய இரும்புக் கடையா?" என்று கத்தினார் என் கணவர்.

"நானா கண்காட்சிக்குக் கொண்டுபோனன்?"

அவர் வழியில் கிடந்த குடையைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மறுபடியும் நூல். இந்தத் தடவை அந்தக் கோடு எனக்குப் பிடிபட்டிருந்தது. வலையைச் சாய்த்து இழுத்துக் கட்டினால் கண் சதுரமாக நிற்காது. ஒரே முடிச்சில் இரண்டு நிறத்தையும் சேர்த்தால் ஓரம் கலங்கும். செய்து பார்க்கத் துடித்தேன். பையை எடுத்துக்கொண்டு தறிக்கார மாமாவிடம் போனேன். கொட்டிலில் ஒரு நூல் கூடக் கிடக்கவில்லை. கூட்டித் துப்புரவாக இருந்தது.

"நூல் இல்லயா மாமா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தறியில் ஓடும் நாடாவைச் சரிபார்த்தார். "இருந்திச்சி மகள். இப்ப வீட்டுப் புள்ளயளும் உங்கட மாதிரிச் செய்றாங்க. அவங்களுக்கே காணாது."

உள்ளே கூப்பிட்டுக் காட்டவும் செய்தார். பாயில் அவருடைய மகள்மார் சுற்றி உட்கார்ந்து வலைத்துண்டில் முடிந்துகொண்டிருந்தார்கள். பிழை சொல்ல முடியாது, என்னை விடக் கை சுத்தம். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள், நடுவில் நேரான கோடு. அடுத்ததிலும் நேரான கோடு. கல்முனைக் கடையொன்று கேட்டிருக்கிறதாம். "இந்தக் கோடு தான் சனத்துக்கு விருப்பமாம்" என்று மூத்தவள் ஆசையோடு சொன்னாள். வேறு தறிக்காரர்களிடமும் போனேன். எங்கும் அதே கதைதான். எரித்துக்கொண்டிருந்த நூலை இப்போது பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, பரிசு பெற்ற கம்பளத்தை விரித்து, கத்தரிக்கோலின் நுனியால் முதல் முடிச்சை அவிழ்த்தேன்.

மதினி வந்தபோது பாதி அவிழ்ந்திருந்தது. அவ அப்படியே வாசலில் நின்றுவிட்டா.

"உனக்குப் பைத்தியமா கா? பெரிய மனிசன் பாத்துப் புகழ்ந்த சாமான்!"

"அது சரியில்ல மதினி."

"எங்க சரியில்ல? என்ட மகன்ட சுன்னத்துக்கு மாப்பிள்ளக் கதிரைக்குக் கீழ விரிப்பம் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லி வெச்சிரிக்கன்."

"வேற ஒண்டு தாறன்."

"என்னத்தத் தருவாய்? அந்தக் குடைக் கம்பியயா?"

அவ தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டா. அன்றிரவு என் கணவர் முற்றத்தில் நின்று போத்தல்களைச் சாக்கில் கட்டுகிற சத்தம் கேட்டது.

அவிழ்த்த நூல் பாதி அறுந்துபோனது, மீதி சுருண்டு நின்றது. ஆவி பிடித்து நீவி எடுத்தேன். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, பகலில் கிடைத்த நேரமெல்லாம் முடிந்தேன். வலையைக் கட்டிற் சட்டத்தில் கோணலாக இழுத்துக் கட்டியிருந்தேன். இடது பக்கத்தில் அந்தக் கோடு வந்தது. உண்மையிலேயே வந்தது. மண் நிறம் நீலத்துக்குள் நாக்கு நீட்டியது, கிழிந்தது, திரும்பியது. அன்றைக்கு வேலியோரம் நின்று பார்த்ததை முதல் தடவையாகக் கையில் தொட்டேன். வலது பக்கத்துக்குப் போகும்போது நீலம் தீர்ந்தது. ஒரு சாண் அகலத்துக்கு வலை வெறுமையாக நின்றது. கடையில் புது நூல் வாங்கி முடிந்து பார்த்தேன். அது பளபளவென்று தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. பிடுங்கி எறிந்தேன்.

அடுத்த கண்காட்சிக்கு நானே அதைச் சுருட்டிக்கொண்டு போனேன். பதிவு செய்த பெண் விரித்துப் பார்த்தா.

"இது முடியல்ல தானே?"

"இவ்வளவுதான் முடியும்."

"சரி, கழிவுப் பொருள் மேசையில வெப்பம்."

"அதில வேணாம். இது படம். படம் வெக்கிற இடத்தில வைங்க."

"படம் எண்டா கீறின படம். அது ஸ்கூல் புள்ளயளுக்கு." அவ நல்ல மாதிரித்தான் சொன்னா. "கழிவுப் பொருளில வெச்சாத் திரும்பவும் உங்களுக்குத் தான் பரிசு."

நான் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெளியில் காத்து நின்ற என் கணவர் ஏன் என்று கேட்டார். சொன்னேன். "எந்த மேசையில வெச்சா உங்களுக்கென்ன?" என்றார். சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் நடந்தேன்.

பஸ்ஸில் சனம் நெருக்கியது. கொண்டக்டர் என் கையிலிருந்ததைப் பார்த்து, "அந்தச் சாக்கத் தூக்கி மேல போடுங்க" என்றார்.

"இது சாக்கில்ல" என்றேன். நானே அதுவரை கேட்டிராத சத்தம் வாயிலிருந்து வந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கணவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இறங்கும் வரைக்கும் யாரையும் பார்க்காமல் இருந்தேன்.