கீழே நின்று கைகாட்டியவன்

துறைமுகத்தில் அந்த அண்ணன் தம்பி இருவருக்குமே பட்டப்பெயர் உண்டு. கிரேன் உச்சியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஓட்டும் அண்ணன் மேல்வீட்டுக்காரர். தரையில் நின்று அவருக்குச் சைகை காட்டும் தம்பி கீழ்வீட்டுக்காரர். தம்பி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. அதனால்தான் இதுவரை எவர் தலையிலும் சரக்குப் பெட்டி விழவில்லை.

பெற்றவர்கள் போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அண்ணன். தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. தம்பிதான் அவருக்கு எல்லாம்.

தேர்தல் வந்தது. வாக்கு எண்ணிய மண்டபத்தில் பாதியில் விளக்கு அணைந்தது. திரும்ப எரிந்தபோது, தோற்றுக்கொண்டிருந்த தலைவர் ஜெயித்திருந்தார். மின்சாரத்துக்குத்தான் என்ன சமர்த்து! வழக்குப் போட்டார்கள், அவர் நீதிபதிகளையே மாற்றினார். மத்திய வங்கியும் அவர் கைக்குள் போனது. துறைமுகத்துக்கு அதிகாரியாக அவருடைய மச்சான் வந்து உட்கார்ந்தார்.

அண்ணன் ஓட்டுப் போட்டதும் அந்தத் தலைவருக்குத்தான்.

“ஆளாளுக்கு இழுத்தா பெட்டி நகருமாடா? ஒரே கையில இருந்தாத்தான் வேலை நடக்கும்,” என்றார் சாப்பிடும்போது.

“மேல ஒரு கை போதும்ணே. நிறுத்துன்னு சொல்றதுக்குக் கீழ ஒருத்தன் வேணும்ல?”

அண்ணன் சிரித்துக்கொண்டே தம்பி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

கப்பல்காரர்கள் சண்டை எதுவும் போடவில்லை. சரக்கைப் பிடித்துவைத்துக்கொண்டால் எந்த நீதிமன்றத்தில் போய் முறையிடுவது என்று யோசித்தார்கள். பேசாமல் பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். கடன் கொடுத்துவந்த வெளிநாட்டார் கையை விரித்தார்கள். மத்திய வங்கி ரூபாய் நோட்டை அச்சடித்துத் தள்ளியது. விலைவாசி விண்ணைத் தொட்டது. தரையில் நின்றவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள், தம்பியையும் சேர்த்து. இயந்திரம் துருப்பிடிக்காமல் இருக்க, அண்ணன் மட்டும் தினமும் வெறும் கொக்கியை ஏற்றி இறக்கினார்.

“கொஞ்சம் பொறுடா. கப்பல் வரும்.”

வந்தது, தேங்கிக் கிடந்த காலிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போக. அந்தக் கப்பலிலேயே தம்பிக்கு ஒரு வேலையும் கிடைத்தது. போகாதே என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. அந்தத் தலைவருக்கு ஓட்டுப் போட்டவர் அவர்தானே.

கீழே கைகாட்ட ஆளில்லாமல், கடைசிப் பெட்டியை அவரே தட்டுத் தடுமாறி ஏற்றினார். கப்பல் கரையை விட்டு விலகியது. கொக்கியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது கப்பலின் மேல்தளத்தில் தம்பி தெரிந்தான். போய்வருகிறேன் என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினான்.

அண்ணனின் கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கியது. கிரேன் குலுங்கி நின்றது. கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

வயர்லெஸ்ஸில் அலுவலகம் கேட்டது: “என்னங்க ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?”

“கீழ இருந்து நிறுத்தச் சொன்னாங்க.”

“கீழ யாருமே இல்லையே?”

“ஆமாங்க,” என்றார். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டார்.