கொடுவா வேணாம்னு சொன்ன அக்கா

நீங்க சிரிச்சாலும் சரி, முழுசா கேட்டுட்டு சிரிங்க. பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு நான். தஞ்சாவூர்ல ஒரு லேப்ல வேலை, காட்டுக்குள்ள பாதரசம் எப்படி பரவுதுன்னு பாக்கறதுதான் என் பொழப்பே, அளக்க முடியாத எதையும் நம்பமாட்டேன்.

அதுக்காக மாசாமாசம் வேதாரண்யம் பக்கம் ஒரு அலையாத்திக் காட்டுக்குப் போவேன். எங்கேயோ நிலக்கரி எரிக்கற புகையில கிளம்பற பாதரசத்த இலை உறிஞ்சிக்கும், இலை உதிர்ந்து சேத்துல மக்கும், சேத்துல இருக்கற கிருமி அத இன்னும் மோசமான விஷமா மாத்திடும். அப்புறம் புழு, புழுவத் திங்கற சின்ன மீன், அதத் திங்கற பெரிய கொடுவா மீனுன்னு வாய்க்கு வாய் ஏறிக்கிட்டே போகும், உடம்ப விட்டு லேசுல இறங்காது. வயித்துல இருக்கற புள்ளையோட மூளையத்தான் ரொம்ப பாதிக்கும். எனக்குத்தான் அப்ப கல்யாணமாகி பல வருஷமாகியும் புள்ளையே இல்லையே, அதனால படகுக்காரர் ஜபார் பாய் அந்த ஓடையில கொடுவா பிடிச்சு வறுத்தா நானும் ஒரு துண்டு சாப்பிடுவேன்.

அப்படி ஒரு நாள், நல்ல உச்சி வெயில். பாய் படகுல அந்தப் பக்கம் திரும்பி அடுப்ப அணைச்சிட்டிருந்தாரு, என் மடியில தட்டு. நிமிந்து பாக்கறேன், எதிர்ல முழங்கால் சேத்துல ஒரு பொம்பள, நடவுக்கு நிக்கற மாதிரி புடவையத் தூக்கிச் செருகிக்கிட்டு. நண்டு பிடிக்க வந்தவங்கன்னுதான் நினைச்சேன்.

"அதத் திங்காத தங்கச்சி, நீ இப்ப ஒத்த ஆளு இல்ல"ன்னாங்க. அதட்டல் இல்லீங்க அது, கெஞ்சல்.

"என்னக்கா சொல்றீங்க?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்புறம் "மேடம், மேடம்"னு பாய் கத்தறது கேக்குது, தட்டு கவுந்து மீன் தண்ணியில கிடக்குது, அந்தம்மாவக் காணோம். நம்புனா நம்புங்க, அவங்க நின்ன சேத்துல ஒரு கால்தடம் கூட இல்ல, மெழுகின மாதிரி கிடந்துச்சு.

"யாரு பாய் அது?"

"யாருமில்ல மேடம், வாங்க போலாம்"னு சொல்லிக்கிட்டே இன்ஜினப் போட்டு படகக் கரைக்குத் திருப்பிட்டாரு.

அடுத்த வாரமே தலைசுத்தல், வாந்தி. டாக்டரம்மா பாத்துட்டு ரெண்டு மாசம்ங்கறாங்க! நானும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதோம். லேப்ல சோதிக்க நாங்க எடுத்துட்டு வந்த மீனுங்கள்ல அந்த ஓடைக் கொடுவாவுலதான் பாதரசம் அதிகம்னு அப்புறம் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து அந்தப் பக்கத்து மீனையே நான் தொடல. தின்னிருந்தாலும் ஒண்ணும் ஆகாம இருந்திருக்கலாம், யாரு கண்டா. எம்பொண்ணு இப்ப ஸ்கூலுக்குப் போறா, வாய் ஓயாம பேசுவா.

போன பொங்கலுக்கு அவளக் கூட்டிட்டு பாய் வீட்டுக்குப் போனேன். அவ தலையத் தடவிக்கிட்டே பாய் மெதுவா சொன்னாரு.

"பயந்துடுவீங்கன்னுதான் அப்ப சொல்லல மேடம். அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தையோட நிறுத்தல. வெறும் சேத்தப் பாத்து ரொம்ப நேரம் பேசுனீங்க. 'அழாதீங்கக்கா, தெரிஞ்சிருந்தா மாசமா இருக்கறப்ப நீங்க அதத் தின்னிருப்பீங்களா, உங்க மேல என்ன தப்பு'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லி நீங்களும் அழுதீங்க."

எனக்கு அது எதுவுமே ஞாபகம் இல்லீங்க. அந்த அக்கா என்கிட்ட என்னதான் சொல்லி அழுதாங்களோ.